ஊட்டிக் குளிரில் கைக்குழந்தை: ஈரத்துணி, வெந்நீர், கணப்புச் சட்டி

ஐப்பசி மழையில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணைப் பார்க்க வருகிற எல்லாரும் சொல்லிவிட்டுப் போவது, "குளிரு ஜாஸ்தி, பிள்ளையை நல்லா மூடி வச்சுக்கோம்மா" என்பதுதான். குளிருக்குக் கம்பளி இருக்கிறது, அம்மாவின் மார்புச் சூடு இருக்கிறது. வீட்டை ஆட்டிவைப்பது ஈரம். காயாத துணி, அடிக்கொருதரம் வெந்நீர், பூஞ்சை பிடிக்கும் சுவர், மூன்றாம் நாளும் சில்லென்றே இருக்கும் துண்டு என்று நாளில் பாதி இதற்கே போய்விடும். கீழ்நாட்டில் இருந்துகொண்டு எழுதப்படும் குழந்தை வளர்ப்புக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இந்த வேலைகளில் தாய்தான் செய்தாக வேண்டும் என்று எதுவும் கிடையாது. பால் கொடுப்பது ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் யார் கையாலும் நடக்கும். மலையில் தாய் களைத்துப்போகிறாளா இல்லையா என்பது பெரும்பாலும் துணியும் வெந்நீரும் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

துணியிலிருந்தே தொடங்கலாம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்ற வேண்டியிருக்கும். வெயில் நாளில் காலையில் துவைத்தது மாலையில் மடிக்க வந்துவிடும். பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும் வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறையாது. ஒரு நாள் செலவை, காய எடுக்கும் நாட்களோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு 12 துணி, காய இரண்டு நாள் என்றால் 36 துணி வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் விடாத மழை, அங்கே 48 இருந்தாலும் மிச்சமில்லை. நான்கு மீட்டர் வேட்டி ஒன்றைக் கிழித்தால் சுமார் 60 செ.மீ. சதுரத்தில் 12 துண்டு கிடைக்கும். நான்கு பழைய வேட்டி போதும். பலமுறை துவைத்து மெலிந்த துணிதான் நல்லது, அது ஈரத்தை இழுக்கவும் செய்யும், சீக்கிரம் உலரவும் செய்யும்.

கடையில் விற்கிற, பஞ்சு வைத்துத் தைத்த துணி நாப்கின் பார்க்க அழகுதான். உள் அடுக்கில் ஈரம் நின்றுவிடுவதால் மலைக்கு அது சரிப்படாது. வேட்டித் துண்டைக் கட்டும்போது நான்காக மடிக்கலாம், காயப்போடும்போது ஒற்றையாக விரிக்கலாம். அந்த வசதி தைத்ததில் கிடைக்காது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் துணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதைக் கட்டினால் தொடை இடுக்கு சிவந்து, புண்ணாகி, பூஞ்சைத் தொற்றில் போய் முடியும்.

காயவைக்க நடைமுறையில் பலிப்பது இப்படி: துவைத்த துணியை மெஷின் ஸ்பின்னரில் இரண்டு முறை சுற்ற விடுங்கள். இரண்டாவது சுற்றில் வெளியேறும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கொடியில் துணிக்குத் துணி ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். வெளியே மூட்டம் இறங்கியிருக்கும்போது மின்விசிறி மட்டும் போட்டுப் பயனில்லை, காற்றே ஈரமாக இருக்கும்போது அது எதை உலர்த்தும்? கொஞ்சம் சூடு வேண்டும், ஈரக்காற்று வெளியேற மேல் ஜன்னலில் இரண்டு விரல் திறப்பும் வேண்டும். திறப்பு இல்லாவிட்டால் துணியிலிருந்து போன ஈரம் சுவரில் கறுப்புப் பூஞ்சையாக உட்காரும். குழந்தை தூங்கும் அறையில் துணி காயப்போடாதீர்கள். சமையலறைதான் அதற்கு இடம், ஆனால் கொடி அடுப்புக்கு நேர் மேலே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கடைசியாக அயர்ன் பாக்ஸ். முக்கால் பங்கு காய்ந்த துணியை அயர்ன் செய்தால் மிச்ச ஈரமும் போகும், துணியும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த அயர்ன் வேலையை அப்பாவுக்கு ஒதுக்குவது உத்தமம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

டயப்பர் பாவமான காரியம் ஒன்றும் இல்லை. ராத்திரிக்கும் பஸ் பயணத்துக்கும் அதை வைத்துக்கொண்டால் துணிக்கணக்கு கணிசமாகக் குறையும், தாய்க்கு இரண்டு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைக்கும். பகலில் 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மலம் போனால் உடனே. பயன்படுத்தியதைச் சோலைப் பக்கமோ ஓடையிலோ எறிவதும், அடுப்பில் எரிப்பதும் கூடாது.

அடுத்தது நெருப்பு. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பிள்ளை பெற்ற அறையில் கணப்புச் சட்டியில் கரி போட்டுக் கதவைச் சாத்துவது மலையில் பழைய வழக்கம். கரி நன்றாகக் கனன்று புகை அடங்கிய பிறகு, "இனி புகை இல்லை, உள்ளே வைக்கலாம்" என்று கொண்டுவருவார்கள். ஆபத்தே அதில்தான். புகையில்லாத தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமில்லை, வாடையில்லை. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம், அந்தத் தூக்கத்திலிருந்து எழாமல் போவதும் உண்டு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி மூட்டிப் படுத்தவர்கள் இறந்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அறையைச் சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் ஆயில் ஹீட்டர் பரவாயில்லை. கம்பி சிவக்கும் ஹீட்டர் என்றால் கட்டிலிலிருந்தும் துணியிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும். கரிதான் கதி என்றால் படுப்பதற்கு முன்பே அறையைச் சூடாக்கி, சட்டியை முழுசாக வெளியே எடுத்துவைத்த பிறகே தாயும் பிள்ளையும் உள்ளே போக வேண்டும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே விஷத்தைத்தான் தரும். அது இருக்க வேண்டிய இடம் குளியலறைக்கு வெளியே.

கரி இல்லாமல் குழந்தைக்குச் சூடு எப்படி? மார்பில் போடுவதுதான் முதல் வழி. துணியும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையைச் சட்டையில்லாத மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் இன்னும் அதிக நேரம். இதை அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். துணி துவைக்கக் கூச்சப்படும் ஆண்கள்கூட இந்த வேலையை மட்டும் விட்டுத்தர மறுப்பார்கள். நெஞ்சுமேல் தூங்கும் பிள்ளையின் கனத்துக்கு அப்படி ஒரு சுகம் உண்டு. ஒன்றே ஒன்று: தூக்குபவர் விழித்திருக்க வேண்டும், சோபாவில் சாய்ந்தபடி கண்ணயரக் கூடாது.

உடுப்பைப் பொறுத்தவரை பெரியவர் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல் என்பது கணக்கு. கை, கால் சில்லென்று இருப்பது இயல்பு. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி, வியர்வை என்றால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். மலையில் குளிரால் அவதிப்படும் பிள்ளையைவிட மூன்று ஸ்வெட்டருக்குள் வெந்துபோய் வீறிட்டு அழும் பிள்ளை அதிகம். தூங்கவைப்பது மல்லாக்க, போர்வை நெஞ்சு வரை, முகத்தில் எதுவும் கூடாது. வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கலாம், குழந்தையைக் கிடத்தும் முன் எடுத்துவிட வேண்டும்.

குளியலுக்கு வருவோம். தினமும் குளிப்பாட்ட வேண்டும் என்று பாட்டிகள் அடம்பிடிப்பார்கள். இந்தக் குளிரில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும், மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு துடைத்தால் சரி. தொப்புள் கொடி விழும்வரை துடைப்பது மட்டுமே. நேரம் காலை 11 மணிக்கு மேல். தேங்காய் எண்ணெய் இங்கே எப்போதும் உறைந்தேதான் இருக்கும், பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, துண்டை விரித்து, அதன்மேல் சட்டையைத் திறந்தபடி வைத்த பிறகுதான் தண்ணீர் கலக்க வேண்டும். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு வெந்நீர், ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் ஒரு சொம்புக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு சொம்பு என்றால் ஏறக்குறைய 37-40 டிகிரிக்கு வரும். முழங்கையை விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் சரி. ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தலைக்குக் கடைசியில் ஊற்றுங்கள், உடனே துடையுங்கள். சிறு குழந்தையின் உடல் சூடு தலை வழியாகத்தான் சீக்கிரம் போகும்.

குளித்து முடித்ததும் சாம்பிராணி. இதில் பாட்டியோடு சண்டை வராத வீடு இல்லை. மூடிய அறையில் புகை போட்டால் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் சுருங்கும், சளி குறையாது. முடி காயவேண்டும் என்பதற்காகத்தான் புகை, துண்டால் ஒற்றி எடுத்தாலே அது காய்ந்துவிடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம், மூக்கில் வாயை வைத்து ஊதுவதும் வேண்டாம். "என் பிள்ளைங்க அஞ்சு பேரையும் அப்படித்தான் வளர்த்தேன்" என்பார்கள். வாதாடிப் பயனில்லை. ஊசி போடப் போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய், கிராம சுகாதாரச் செவிலியர் வாயாலேயே சொல்லவைப்பது நல்ல உபாயம். செவிலியர் சொன்னால் "நர்சம்மா சொல்லிட்டாங்க" என்று அடுத்த வீட்டுக்கும் போய்ச் சொல்வார்கள்.

நீலகிரிக்கே உரிய இரண்டு பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று தைலம். யூக்கலிப்டஸ் தைல பாட்டில் இல்லாத வீடு இங்கே கிடையாது. பெரியவர்களுக்குச் சளி பிடித்தால் சுகமாக இருக்கும், சரி. குழந்தையின் மூக்கடியிலோ நெஞ்சிலோ தடவினால் மூச்சு இறுகலாம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரைக்கும் போகும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தைலமும் கற்பூரமும் எட்டாத அலமாரியில் இருக்க வேண்டும். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றது மலைத்தேன். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதற்கென்றே கலப்படமில்லாத தேனைத் தேடி வாங்குவார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். தேன் சுத்தமானது என்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடாது. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது.

மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு மருந்து போதும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்துதான் அதில் அதிகம். சளியா, நிமோனியாவா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தை மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடல் தொட்டால் சுட்டாலும், வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டுத் துவண்டாலும் அப்படியே.

கூடலூரிலிருந்து உதகை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மரம் விழுந்து பாதை அடைபடுவது சகஜம். ஆகவே பிரசவத் தேதி அடைமழையில் விழுந்தால் கடைசி இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். தலைப்பிரசவத்துக்குக் கீழே அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி (PICME) எண்ணைக் குறித்துக்கொண்டு போகவும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அலைய வேண்டியிருக்கும். குழந்தையோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைத்து அழும். பெரியவர்களைப் போல எச்சில் விழுங்கிக்கொள்ள அதற்குத் தெரியாது, கொண்டைஊசி வளைவுகள் தொடங்கியதும் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இறங்குவதற்குச் சற்றுமுன் வயிறு முட்டக் கொடுத்துவிட்டால் இந்த வழி கைகொடுக்காது, பசியை அங்கே வரை வைத்திருங்கள். ஏறும்போது இவ்வளவு தொல்லை இருக்காது.

தாயின் மனசைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கணவன் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில், வீட்டில் வயதான மாமியார், ஐந்தரை மணிக்கே இருட்டும் மூட்டமும். பிரசவமான மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தொடவே பயமாக இருந்தால், அது சோம்பலும் இல்லை, காற்று கருப்பும் இல்லை, சிகிச்சை தேவைப்படும் நோய். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை. தன்னையோ பிள்ளையையோ எதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ராத்திரி வேலையை இரண்டாக வெட்டிக்கொள்வது பெரிய உதவி. பால் கொடுப்பது மட்டும் தாய். எடுத்துத் தருவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, திரும்பக் கிடத்துவது எல்லாம் இன்னொருவர். கட்டிலருகே ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துவிட்டால் துடைப்பதற்கும் ஆகும், தாய் குடிப்பதற்கும் ஆகும். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைத்துக் குடித்து மலச்சிக்கலில் தவிக்கும் தாய்மார் நிறைய. "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிக்கக் கூடாது" என்ற பத்தியம் இங்கே இரட்டைத் தண்டனை.

வேலைக்குத் திரும்புவது தனி மல்லுக்கட்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. தோட்டங்களில் 50 பெண் தொழிலாளர் இருந்தால் க்ரீச் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சிறு விவசாயிகளின் தேயிலையில் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத்தான் இதெல்லாம் எட்டுவதில்லை. மருந்து அடித்த தேயிலையில் இறங்கி வந்தவர்கள் கையையும் மார்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, மேல்சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பாலைக் கையால் எடுக்கக் கற்றுக்கொண்டால் பம்ப் வாங்கும் செலவில்லை. கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாகக் காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடித்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கினால் வலிக்கும், பாலும் வராது. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், அடுத்த பக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி மொத்தம் 20-30 நிமிடம் ஆகும். குளிர்ந்த கையோடு உட்கார்ந்தால் பால் இறங்காது, கையை வெந்நீரில் நனைத்து மார்பில் வெதுவெதுப்பான துணி ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள். கொதிக்கவைத்த மூடி போட்ட பாத்திரத்தில் வெளியே 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். மலைக் குளிரை நம்பி வெளியே வைப்பதை நீட்டிக்க வேண்டாம். சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும், அடுப்பில் வைக்கக் கூடாது. கொடுப்பது பாலாடையில், அதாவது சங்குபோல மூக்குள்ள சின்னக் கிண்ணத்தில்.

ஆறு மாதம் முடிந்ததும் சோறு. ஊட்டி கேரட்டும் பீட்ரூட்டும் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறதென்று அதையே மசித்து மசித்துக் கொடுத்தால் எடை ஏறாது. அரிசி, பருப்பு, அரை டீஸ்பூன் நெய், அதில் ஒரு துண்டு காய் என்பதுதான் சரியான பங்கு. முட்டையையும் ஆறாம் மாதத்திலிருந்தே தொடங்கலாம். குன்னூர்ச் சரிவில் விளையும் பட்டர்ஃப்ரூட் கொழுப்புள்ள பழம், பல் இல்லாத வாய்க்கு அப்படியே மசித்துத் தரலாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு வேளை. எட்டாம் மாதத்தில் அரைக் கிண்ணம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கலக்காமல் பிள்ளைக்கே கஞ்சியாகக் காய்ச்சுங்கள்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே ஒரு குருணை நிற்கும், அது பிள்ளையின் தொண்டையில் சிக்கும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும், கீழே வைக்கிற விசிலைவிட இரண்டு கூடுதலாக. பாலாடையையும் கிண்ணத்தையும் குடிதண்ணீரையும் கொதிக்கவைக்கும்போது கொப்புளம் வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் விட்டுவையுங்கள்.